என் அம்மா காணாமல் போகவில்லை

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அம்மா காணாமல் போகவில்லை. தென்காசியை ஒட்டிய குத்துக்கல்வலசையில், தானே பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில், நல்ல புத்தியோடும் நல்ல வாயோடும் இருக்கிறாள். அவளை யாரும் கண்டுபிடித்துத் தர வேண்டாம். அவள் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டாம். ஏற்கெனவே அனுப்பியிருந்தால், அனுப்பிய அத்தனை பேரிடமும் போய் அது பழைய செய்தி என்று சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

போன மாதத்தோடு அந்தச் செய்திக்கு இரண்டு வயது முடிந்தது. பிறந்தநாள் வாழ்த்துச் சொல்வதைப்போல அன்றைக்கும் ஒரு போன் வந்தது.

ஆக்லாந்தில் ஒரு பல் மருத்துவமனையின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்களை உட்கார வைப்பதும், போன் எடுப்பதும், பயந்தவர்களுக்குத் தைரியம் சொல்வதும்தான் என் வேலை. சொந்த போனை மேசை டிராயருக்குள் வைத்திருப்பேன். அன்று மதியம் பல் பிடுங்க வந்த ஒரு பெரியவரிடம், ஊசி போட்டபின் ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தபோது டிராயர் அதிர்ந்தது. இந்திய எண். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும்; அந்த நேரத்தில் வரும் போனை வெளிநாட்டில் இருக்கும் எவரும் எடுக்காமல் விட மாட்டார்கள். எடுத்துவிட்டேன்.

"மேடம், தாராபுரத்துல இருந்து பேசறேனுங்க. உங்கம்மாவைக் காணோம்னு போட்டிருந்தீங்களே, இங்க பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. அவங்களாட்டமே இருக்குதுங்க."

"அண்ணே, எங்கம்மா வீட்டுலதான் இருக்கா. அது ரெண்டு வருஷத்துக்கு முந்தி வந்த மெசேஜ். அன்னைக்கே கிடைச்சிட்டா."

"அப்படிங்களா... நல்லாப் பாத்தீங்களா மேடம்?" என்றார்.

வீட்டில் இருப்பவள் என் அம்மாதானா என்று நான் நல்லாப் பார்க்க வேண்டுமாம்! குரல் எழும்பிவிட்டது. பல் வலியோடு உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் என்னையே பார்த்தார்கள். மேலாளர் தன் அறைக் கதவைத் திறந்து, எல்லாம் சரியா என்று கேட்டாள். எங்கள் நாட்டில் என் தாயைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், ஆனால் அவள் தொலையவில்லை என்று இந்த ஊர் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு, பெரியவரை உள்ளே அனுப்பினேன்.

2

அம்மாவைக் காணோம் என்று தேடிய அன்று நடந்தது இவ்வளவுதான்.

வெளியூர்க்காரர்களுக்குத்தான் குற்றாலம் சுற்றுலா. எங்களுக்கு அது அவசரமாகப் போய்க் குளித்துவிட்டுவரும் இடம். சாரல் பிடித்து, மெயினருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்துவிட்டால், கூட்டம் வருவதற்குமுன் விடியற்காலையில் ஒரு துண்டும் மாற்றுச் சேலையுமாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுவோம். போன், நகை, பணப்பை எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போவதுதான் விவரம் தெரிந்தவர்கள் வழக்கம். அருவிக்கரையில் தொலைத்துவிட்டு அழுகிறவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள்.

அம்மாவுக்கு இது மற்றவர்களைவிட நன்றாகத் தெரியும். அவள் காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவள். செண்பகவல்லி என்ற பெயர் பென்ஷன் புத்தகத்தில்தான் இருக்கிறது. தெருவில் அவள் பெயர் ஏட்டம்மா. பல சீசன்கள் மெயினருவியில் பெண்கள் பக்கம் அவளுக்குத்தான் டூட்டி. நனைந்த காக்கி உடுப்போடு விசிலை ஊதிக்கொண்டு, "போதும்மா, நகரு, பின்னாடி ஆளு நிக்குல்லா" என்று ஆயிரக்கணக்கான பெண்களைத் தண்ணீருக்குள் விட்டு வெளியே எடுத்தவள். போனைத் தொலைத்துவிட்டு அழுகிற பெண்களிடம், "அருவிக்கு எதுக்கும்மா அதத் தூக்கிட்டு வந்தே?" என்று திட்டியவளும் அவளே.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சீசனின் முதல் தண்ணீர் விழுந்த அன்று அவள் செய்ததும் அதைத்தான். போனை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். வீட்டைப் பூட்டினாள். பெண்களுக்கான இலவச பஸ்ஸில் ஏறிக் குற்றாலம் போனாள்.

என் தம்பி முத்துக்குமாருக்கு ராயகிரியில் உரக்கடை, வீடு சிவகிரியில். கடையைத் திறப்பதற்குமுன் அம்மாவுக்கு ஒரு போன் போடுவான். அன்று எடுக்கவில்லை. மறுபடி போட்டான், எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்குப் போட்டால், கதவு பூட்டிக்கிடக்கிறது என்றார்கள். உடனே தம்பி வேலையில் இறங்கிவிட்டான். கிருஹப்பிரவேசத்தில் எடுத்த படம் ஒன்றிலிருந்து அம்மாவை மட்டும் வெட்டி எடுத்தான். வெயில் கண்ணில் அடித்ததால் முகத்தைச் சுளித்து, வாயைக் கொஞ்சம் திறந்து, எதையோ தேடுகிறவள்போல நிற்கிற படம். அதற்குக் கீழே பெயர், வயது, ஊர், காலையிலிருந்து காணவில்லை, பார்த்தால் தகவல் சொல்லவும் என்று எழுதி, தன் எண்ணையும் என் எண்ணையும் போட்டான். என் எண் எதற்கென்று கேட்டேன். "நான் பைக் ஓட்டிட்டு வருவேன்லாக்கா, எடுக்க முடியாதுல்லா" என்றான். பொறுப்பான பிள்ளை!

இதில் என்னால் இன்றுவரை பொறுக்க முடியாத விஷயம் ஒன்று உண்டு. அன்று காலை அவன் வைத்திருந்த ஸ்டேட்டஸ், மெயினருவியில் தண்ணீர் கொட்டும் வீடியோ. யாரோ அனுப்பியதை எழுந்தவுடன் எடுத்துப் போட்டிருக்கிறான். 'குற்றாலத்தில் சீசன் ஆரம்பம், நண்பர்களே வாரீர்' என்று ஊருக்கெல்லாம் சொன்னவனுக்கு, தண்ணீர் விழுந்தால் தன் அம்மா எங்கே போவாள் என்று தோன்றவில்லை. தகவல் அவன் கைவழியாகப் போனதே தவிர தலைக்குள் போகவில்லை.

அவன் பைக்கை முறுக்கிக்கொண்டு குத்துக்கல்வலசை வந்து சேர்ந்தபோது அம்மா மாடியில் ஈரச்சேலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாளாம். "ஏலே, கடையத் தொறக்காம இங்கன என்ன செய்யுத?" என்று மேலிருந்தே கேட்டிருக்கிறாள்.

3

அம்மா கிடைத்துவிட்டாள் என்று அவன் உடனே போட்டான். அதை நான் மறைக்கவில்லை. போட்ட எல்லா இடத்திலும் போட்டான். கும்பிடும் கைகள் சில வந்தன. அதோடு முடிந்தது. அந்தச் செய்தி எங்கும் போகவில்லை. காணவில்லை என்பது மட்டும் திருநெல்வேலி தாண்டி, மதுரை தாண்டி, ஒரு வாரத்தில் மலேசியா போனது. யாரோ அதற்கு சோக இசை சேர்த்து, ஒரு பெண்குரலை வாசிக்கவிட்டு, வீடியோ ஆக்கினார்கள். அம்மாவின் சுளித்த முகம் மெல்ல மெல்லப் பெரிதாகி வருகிறது. அடியில், 'பெற்ற தாயாக நினைத்துப் பகிருங்கள்.'

கிடைத்துவிட்டாள் என்றால் நமக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அதுதான் விஷயம். காணவில்லை என்றால் ஒரு வேலை கிடைக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து எழ வேண்டாம், செருப்பைத் தேட வேண்டாம், பெட்ரோல் போட வேண்டாம். விரலால் ஒரு தட்டு. ஒரு தாயைக் காப்பாற்ற நம்மால் ஆனதைச் செய்துவிட்டோம். அடுத்து ஒரு ரத்ததானம், அதற்கடுத்து சமையல் குறிப்பு. இவ்வளவு மலிவாகப் புண்ணியம் எந்தக் கோயிலிலும் கிடைக்காது.

இங்கே ஆக்லாந்தில் சனிக்கிழமை தமிழ்ப்பள்ளி நடக்கிறது. என் மகள் தாரிணி அங்கே சில வருஷம் போனாள், பிறகு நெட்பால் விளையாடுவதற்காக நின்றுவிட்டாள். பிள்ளை நின்றாலும் பெற்றோர் குரூப்பிலிருந்து நான் நிற்கவில்லை. ஒருநாள் அந்த குரூப்பில் என் அம்மா வந்தாள். அனுப்பியவள் விஜி. என் வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டவள். என் எண் அவள் போனில் என் பெயரோடு இருக்கிறது. அந்தச் செய்தியில் இருப்பதும் அதே எண்.

கூப்பிட்டுக் கேட்டேன். "நீ அதப் படிச்சியா விஜி?"

"இல்லப்பா. அந்தம்மா முகத்தைப் பார்த்ததும் மனசு கேட்கல. அப்படியே அனுப்பிட்டேன். ஏன், உனக்குத் தெரிஞ்சவங்களா?"

தெரிஞ்சவங்கதான் என்று வைத்துவிட்டேன். அன்று இரவு சாப்பாட்டில் தாரிணி, "ஆச்சி ஃபேமஸா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். விஜியின் மகள் பள்ளியில் காட்டியிருக்கிறாள். அதில் இருக்கும் தமிழ் அவளுக்குப் படிக்கவும் வரவில்லை, வாசிக்கும் வேகத்தில் புரியவும் இல்லை. பாட்டைக் கேட்டு, படத்தைப் பார்த்து, ஏதோ விருது கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள். விளக்கிச் சொன்னதும், "அப்போ அழித்துவிடச் சொல்ல வேண்டியதுதானே?" என்றாள். இந்த நாட்டில் பிறந்த பிள்ளை. யாரிடமாவது சொன்னால் யாராவது கேட்பார்கள் என்று நம்புகிறது.

சொன்னேன். வீடியோ இருந்த தளத்தில் புகார் கொடுத்தேன். புகாரின் வகையைத் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வன்முறை, ஆபாசம், போலி விற்பனை என்று வரிசை நீண்டது. 'உயிரோடும் நலமாகவும் இருப்பவரைத் தேடுகிறார்கள்' என்று ஒரு வகை இல்லை. 'மற்றவை'யில் எழுதினேன். பரிசீலித்தோம், இது எங்கள் விதிகளை மீறவில்லை என்று பதில் வந்தது. மேல்முறையீடு செய்தேன். படத்தில் இருப்பவர் நீங்களா என்று கேட்டது. இல்லை என்றேன். அப்படியானால் படத்தில் இருப்பவரே புகார் கொடுக்க வேண்டும், அடையாள அட்டையோடு. அம்மாவுக்கு அந்தத் தளத்தில் கணக்கே கிடையாது. கணக்கு தொடங்கச் சொன்னால், "அந்தச் சாக்கடையில நான் எதுக்குட்டி எறங்கணும்?" என்று கேட்டாள். நியாயம்தான்.

4

என் பாடு போன் எடுப்பதோடு போயிற்று. அம்மாவின் பாடு அப்படியில்லை.

முதலில் பஸ்ஸில் யாராவது உற்றுப் பார்ப்பார்கள். பிறகு சந்தையில் ஒரு பெண் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். மெடிக்கல் கடையில் மாத்திரை வாங்க நின்றவளை ஒரு பையன் படம் எடுத்துத் தம்பிக்கு அனுப்பி, 'பத்திரமாக இருக்கிறார்கள், சீக்கிரம் வாங்க' என்றான். அம்மா அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். "நான் திருடனப் பிடிச்சேன், இப்ப ஊருக்காரன் என்னையப் பிடிக்கான்."

அதற்குள் அந்தச் செய்தியில் ஒரு வரி கூடியிருந்தது. தம்பி எழுதாத வரி. 'சற்று மனநலம் பாதிக்கப்பட்டவர்.' யார் சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. அந்த வரி வந்த பிறகு பார்ப்பவர்கள் பார்வை மாறியது. முன்பு பெயரைக் கேட்டார்கள், இப்போது பெயரைச் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டு, "சரி சரி, உக்காருங்க" என்றார்கள். நான் நன்றாக இருக்கிறேன் என்று அவள் எவ்வளவு சத்தமாகச் சொன்னாளோ, அவ்வளவுக்கு அந்த வரி உண்மையாகிப்போனது.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் ஒரு காவல் நிலையத்துக்குப் போனாள். தான் காணாமல் போகவில்லை என்று எழுதிக் கொடுக்க. உள்ளே இருந்த இளம் பெண் காவலர் அவளைப் பார்த்ததும் போனை எடுத்துப் பார்த்து, நாற்காலி போட்டாள்.

"ஆச்சி, உக்காருங்க. தண்ணி குடிக்கியளா? வீட்டுக்குச் சொல்லிருதோம், இப்ப வந்துருவாவ."

"ஏட்டி, நான் கம்ப்ளைன்ட் குடுக்க வந்திருக்கேன். நானும் டிப்பார்ட்மெண்டுதான். ஏட்டு செண்பகவல்லி."

அந்தப் பெண் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "போலீஸுன்னு சொல்லுதாவ, பாவம்" என்றாளாம். தம்பி ராயகிரியிலிருந்து வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிக்கொண்டு போகும்வரை அம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்கள்.

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

தம்பி அன்றிலிருந்து ஒரே பிடியாக நின்றான். அம்மா சிவகிரிக்கு வந்துவிட வேண்டும், தனியாக எங்கும் போகக்கூடாது. "நமக்கு எதுக்குக்கா இந்தத் தலவலி? அவ வெளிய போனாத்தான ஆளுக பாக்காவ?" போட்டவர்களை விட்டுவிட்டு, படத்தில் இருந்தவளை வீட்டுக்குள் பூட்டுகிற நியாயம். அப்பா இறந்தபின் அந்த வீட்டைக் கட்டி, தனியாக இருந்து, தனியாகக் குளித்து, தனியாகச் சினிமாவுக்குப் போய்வந்தவள். அதை ஒரு பார்வர்டு செய்தி பிடுங்கிக்கொள்வதா? கூடாது என்று நான் போனில் கத்தினேன். ஏழு கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு கத்துவது சுலபம் என்று அவனும் கத்தினான்.

5

வருகிற போன்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்காது. ஷார்ஜாவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். டிரைவர். கடையநல்லூர்ப் பக்கம் சொந்த ஊர்.

"அக்கா, அம்மா கெடச்சிட்டாவளா?"

இந்த இரண்டு வருஷத்தில் அதைக் கேட்ட ஒரே ஆள் அவர்தான். மற்றவர்கள் எல்லாம், இதோ பிடித்துவிட்டோம் என்பார்கள், இல்லாவிட்டால் இன்னும் தேடுகிறீர்களா என்பார்கள். கிடைத்துவிட்டாள், அன்றைக்கே, என்று சொன்னேன்.

"நான் தெனமும் போட்டுட்டு இருக்கேன்க்கா. இருக்க குரூப்பு பூராவும். எங்கம்மா மவுத்தானப்ப எனக்கு லீவு குடுக்கல. வீடியோவுலதான் பாத்தேன். அவளுக்கு ஒண்ணும் செய்ய முடியல. அதுக்கப்புறம் யாரு அம்மாவக் காணலன்னு வந்தாலும் விட மாட்டேன். இதையாவது செய்யணும்லா."

திட்டுவதற்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன். மூடிக்கொண்டேன். நாட்டைவிட்டு வந்தவர்கள் கையில் வேறு என்ன இருக்கிறது? சாவுக்குப் போக முடியாது, கல்யாணத்துக்குப் போக முடியாது, ஆஸ்பத்திரி வாசலில் நிற்க முடியாது. விரல் ஒன்றுதான் ஊரில் இருக்கிறது. அதை வைத்து எதையாவது அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஊரில் உட்கார்ந்திருப்பவனைவிட நாங்கள் அதிகமாக அனுப்புகிறோம் என்றால் காரணம் இதுதான். அதற்காக என் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அவர் அம்மாவுக்குச் செய்ய முடியாததற்கு என் அம்மா எதற்காகத் தெருவில் பிடிபட வேண்டும்?

கிடைத்த செய்தியை அதே குரூப்புகளில் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். நல்ல மனுஷன், போட்டார். அம்மாவின் படத்தோடு, 'செண்பகவல்லி அம்மா கிடைத்துவிட்டார், நன்றி' என்று. அதற்கு வந்த பதில்களையும் எனக்கு அனுப்பிவைத்தார். பாதிப்பேர் கும்பிட்டிருந்தார்கள். மற்றவர்கள், 'ஆழ்ந்த இரங்கல்', 'ஆன்மா சாந்தியடையட்டும்' என்று எழுதியிருந்தார்கள். படத்தைப் பார்த்ததும் செத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, அடுத்ததற்குப் போய்விட்டார்கள்.

6

இந்த ஜூலையில் ஊருக்குப் போனேன். அந்தக் கூடுதல் வரியை எழுதியது யார் என்று பார்த்துவிடுவதென்று இருந்தேன். பார்த்தேன்.

தம்பிதான் தயங்கித் தயங்கிச் சொன்னான். தென்காசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி. ஊர்த்தகவல் குரூப் ஒன்றுக்கு அட்மின். மெயினருவியில் குளிக்கலாமா, ஐந்தருவியில் தடையா, எந்தத் தெருவில் கரண்ட் இல்லை, யார் தவறினார்கள் எல்லாம் முதலில் அவர் போனில்தான் விடியும். அன்று தம்பி அவருக்குத்தான் முதலில் அனுப்பியிருக்கிறான்.

கடையில் அவர் மட்டும்தான் இருந்தார். மெஷினுக்கு மேல் துணி போர்த்தியிருந்தது. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி கொடுத்து, டீ சொல்லப் போனார். வேண்டாம் என்றேன். மனநலம் பாதிக்கப்பட்டவர் என்று நீங்கள் எழுதினீர்களா என்று கேட்டேன். மறுப்பார் என்று நினைத்துப் போயிருந்தேன்.

"ஆமாம்மா, நாந்தான் போட்டேன்" என்றார். "வெறும காணலன்னு போட்டா எவன் பாக்கான்? கோவிச்சிட்டுப் போயிருப்பான்னு விட்டுருவான். மனசு சரியில்லாதவுகன்னு போட்டாத்தான் பத்துப் பேரு அனுப்புவான். நல்லதுக்குத்தான செஞ்சேன்?"

"எங்கம்மாவ உங்களுக்குத் தெரியும்லா அண்ணாச்சி?"

"ஏட்டம்மாவத் தெரியாம இருக்குமா? தங்கமான மனுசில்லா."

தெரிந்தேதான் எழுதியிருக்கிறார்! எனக்கு அங்கேயே அந்த மெஷினைத் தூக்கிப் போட வேண்டும்போல இருந்தது. உங்களால் அம்மா பஸ்ஸில் ஏற முடியவில்லை, ஸ்டேஷனில் அவளைப் பைத்தியம் என்று உட்கார வைத்தார்கள் என்று கத்தினேன். அவர் முகம் வாடித்தான் போனது. ஆனால் நான் பேசிக்கொண்டிருந்தபோதே தெருவில் பைக்கில் போன ஒருவன், "அட்மின் அண்ணாச்சி, தண்ணி எப்படி?" என்று கேட்டான். அவர் என்னை மறந்து திரும்பி, "மெயினுல நல்லா விழுதுலே, பழைய குத்தாலத்துல கூட்டம்" என்றார். சொன்னபோது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்தக் கடையில் ஜெராக்ஸ் எடுக்க ஆள் வந்து எவ்வளவு நாளாகியிருக்கும் என்று தெரியாது. ஆனால் தண்ணீர் எப்படி என்று கேட்க ஊரே இருக்கிறது. அந்தக் கேள்வியை அவர் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். அதற்கு என்ன சேர்க்க வேண்டுமோ சேர்ப்பார்.

"மறுப்பு ஒண்ணு போட்டுருதேன்மா, கவலப்படாதிய" என்றார். போட்டார். எத்தனை பேர் அதை மேலே அனுப்பினார்கள் என்று நான் கேட்கவில்லை.

7

மறுநாள் விடியற்காலையில் அம்மாவோடு குற்றாலம் போனேன். நான்தான் வற்புறுத்தினேன். கடைசியாக எப்போது போனாய் என்று கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. வழக்கத்தை மாற்றாமல் போனை வீட்டில் வைத்துவிட்டோம். சாரல் விழுந்துகொண்டிருந்தது, காற்று நன்றாக இருந்தது. கூட்டம் நாங்கள் நினைத்ததைவிட அதிகம்.

தண்ணீருக்குள் போனதும் அம்மா பழைய அம்மாவாகிவிட்டாள். தலையைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். வழுக்கப்போன ஒரு பெண்ணைத் தோளைப் பிடித்து நிறுத்தி, "கம்பியப் பிடிம்மா" என்று அதட்டினாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வெளியே வந்து ஈரத்தோடு நிற்கும்போது ஒரு பெண் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். வெளி மாவட்டத்துப் பேச்சு.

"பாட்டி, நீங்க செண்பகவல்லிதானே? பயப்படாதீங்க, நாங்க இருக்கோம்."

அவளோடு வந்தவர்கள் சுற்றி நின்றுகொண்டார்கள். இரண்டு பேர் உறையில் போட்டிருந்த போனை எடுத்து நேராகப் பிடித்தார்கள். நனைந்த சேலை உடம்போடு ஒட்டி நிற்கிற ஒரு பெண்ணை. பெண்கள் குளிக்கும் இடத்தில் ஒரு கேமரா தெரிந்தால் பாய்ந்துபோய்ப் பிடுங்கி, எடுத்தவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் என் அம்மா. நானே பார்த்திருக்கிறேன். இப்போதும் அதைத்தான் செய்வாள் என்று ஒரு நொடி காத்திருந்தேன்.

அம்மா துண்டை எடுத்து மார்பை மூடினாள். என்னைக் கை காட்டி, சின்னக் குரலில், "என் மக கூட வந்திருக்கேன்" என்றாள்.

அப்புறம் நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ஆக்லாந்தில் இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்த சத்தம் எல்லாம் அங்கே வெளியே வந்தது. போனைத் தட்டிவிட்டேன். அழியுங்கள் என்று முன்னால் நின்று அழிக்க வைத்தேன். கையைப் பிடித்த பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. "நல்லதுக்குத்தானே கேட்டோம்? எதுக்கு இப்படிப் பேசறீங்க?" என்றாள். அவள் முகத்தில் பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

பஸ் பிடித்து அம்மா வீட்டுக்கு வந்து சேலை மாற்றி, சோறு பொங்கி, சாப்பிட்டு, மத்தியானம் படுத்து எழுந்தாள். சாயங்காலம் காபி போட்டுக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஏட்டி, ஒண்ணு கேட்டா மறைக்காமச் சொல்லுவியா?"

"கேளும்மா."

"டாக்டரு ஏதும் சொல்லியிருக்காரா? நீயும் ஒன் தம்பியும் பேசி வச்சிக்கிட்டு எனக்குத் தெரியாம மறைக்கியளா?"

அப்படி எதுவும் இல்லை, என் பிள்ளைமேல் சத்தியம் என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் தலையை ஆட்டவில்லை.

"ஒருத்தரு ரெண்டு பேருன்னா போவட்டும்னு விடலாம். இத்தன பேரு சொல்லுதாவல்லா? மொகம் தெரியாதவுகல்லாம் சொல்லுதாவ. அவுகளுக்கு என் மேல என்ன வெரோதம்? எனக்குத் தெரியாம ஏதும் ஆவுதோ என்னவோ. நீ என்னையக் கேளு. என்னத்த வேணும்னாலும் கேளு."

வேண்டாம்மா என்றேன். கேளு என்றாள். குரலில் பழைய அதட்டல் கொஞ்சம் இருந்தது. அதனால் கேட்டேன். முதல் போஸ்டிங் எங்கே, கூட வேலை பார்த்தவர்கள் யார் யார், அப்பாவுக்கு எந்தக் கண்ணில் ஆபரேஷன், முத்துக்குமார் எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தான், எனக்கு எந்தக் காதில் தழும்பு, அது எப்படி வந்தது. ஒன்றிலும் தடுமாறவில்லை. நான் இடது காது என்று நினைத்திருந்தேன், வலது காது என்று திருத்தினாள். தொட்டுப் பார்த்தேன், அவள் சொன்னதுதான் சரி. போதும் என்று நான் நிறுத்தினால், இன்னும் கேளு என்றாள். காபி ஆறிப்போனது.

"எல்லாம் சரியாச் சொல்லிட்டம்மா" என்றேன்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெசமாவா? நீ எனக்காவப் பொய் ஒண்ணும் சொல்லலியே?" என்று கேட்டாள்.